மாலை டீயோடு மாவுப் பண்டம்: சர்க்கரை எகிறாமல் சாப்பிட வழி உண்டா?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 58 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். போன மாதம் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.6 சதவீதம் வந்தது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை போடுகிறார். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான். நடுவில் நாலரைக்கு டீயோடு ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் கை கால் ஓய்ந்துவிடுகிறது என்கிறார். கிழங்கு, பொரி, வடை எதையும் தொடக் கூடாது என்று ஆளாளுக்குச் சொன்னதில் இப்போது மேரி பிஸ்கட்டுக்கு மாறிவிட்டார். இருந்தும் மாலைச் சர்க்கரை 230, 240 என்றே நிற்கிறது. என்ன செய்யலாம்?"

முதல் வேலையாக அந்த பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, சுண்டலையும் கிழங்கையும் அளவு பார்த்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். இதைச் சொன்னால் வீட்டில் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். மண்ணுக்கடியில் விளைவது எதுவும் சர்க்கரைக்காரருக்கு ஆகாது என்பது நம் ஊரில் ஊறிப்போன பேச்சு. மேரி பிஸ்கட்டோ தித்திப்பு கம்மி, மெல்லிசு, காய்ச்சல்காரருக்கும் கொடுப்பது. அதனால் அதுவே பத்தியம் என்று ஆகிவிட்டது. டயட்டீஷியனாக இருபது வருடம் வேலை பார்க்கிறேன். லட்டு, ஜாங்கிரியை நிறுத்தச் சொல்லிப் போராடியதைவிட இந்த பிஸ்கட்டை நிறுத்தச் சொல்லிப் போராடியதுதான் அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மேரி பிஸ்கட் ஐந்தாறு கிராம் எடை. அதில் நாலு கிராமுக்கு மேல் மாவும் சர்க்கரையும்தான். ஐந்து பிஸ்கட் தின்றால் 20 கிராமைத் தாண்டிவிடும். டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் அதில் 8 முதல் 10 கிராம். பாலில் இருப்பது மூன்று, நாலு. ஆகமொத்தம் 30 முதல் 35 கிராம். இரண்டு துண்டு பிரெட்டுக்கு மேல். "ஒன்றுமே சாப்பிடவில்லை, டீயும் பிஸ்கட்டும்தான்" என்று அம்மா சொல்வதில் பொய் இல்லை. வயிறு நிறைந்ததாகவே அவருக்குத் தெரியாது. ஆனால் ரத்தத்துக்கு அது ஒரு சிற்றுண்டி அளவு.

அளவை விடப் பெரிய சங்கதி, அந்த மாவு எந்த நிலையில் உள்ளே போகிறது என்பது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலி. அதில் இரண்டு வகை. அமைலோஸ் என்பது நேராக ஓடும் சங்கிலி. அமைலோபெக்டின் என்பது கிளை கிளையாகப் பிரிவது. அரிசி, கோதுமை, கிழங்கு என்று பெரும்பாலானவற்றில் 70, 80 சதவீதம் இந்தக் கிளை வகைதான். கிளை அதிகமாக இருந்தால், உணவைச் செரிக்க வைக்கும் நொதிகள் ஒரே நேரத்தில் பல முனைகளிலிருந்து வெட்டத் தொடங்கிவிடும். பச்சையாக இருக்கும்போது இந்தச் சங்கிலிகள் இறுக்கிச் சுருட்டிய துகள்களாக இருக்கின்றன. தண்ணீரும் சூடும் பட்டதும் துகள் வீங்கி, உடைந்து, கூழாகிறது. அப்புறம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் நொதியே வேலையை ஆரம்பித்துவிடும். ஒரு வாய்ச் சோற்றை வெகு நேரம் மென்றால் இலேசாக இனிக்குமே, அது இதனால்தான்.

பிஸ்கட்டில் கோதுமையின் தோலை நீக்கி, மைதாவாக நைசாக அரைத்து, சுட்டு, கடைசியில் டீயில் நனைத்து நாமே கூழாக்கியும் கொடுத்துவிடுகிறோம். பல்லுக்கும் வயிற்றுக்கும் மிச்சம் வைத்த வேலை ஒன்றும் இல்லை. கொண்டைக்கடலையில் அப்படி இல்லை. வெந்த பிறகும் அதன் செல் சுவர்கள் பெரும்பாலும் உடையாமல் நிற்கும், மாவு அந்தச் சின்னச் சின்ன அறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். நொதி உள்ளே நுழையவே நேரம் பிடிக்கும். அமைலோஸும் அதில் சற்று அதிகம், புரதமும் நாரும் கூடவே இருக்கின்றன.

ஆகவே, அம்மாவின் தட்டுக்கு ஒரு பண்டம் வரும்போது அதன் பெயரைக் கேட்காதீர்கள். "இது வாய்க்கு வருவதற்கு முன்பே எவ்வளவு உடைபட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். கேழ்வரகு, ஓட்ஸ், சிறுதானியம் என்ற பெயர்கள் இந்த இடத்தில்தான் ஏமாற்றும். டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-ல் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். குளுக்கோஸை 100 என்று வைத்து, மற்ற உணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்ப்பது. அதன்படி, உடைத்த கெட்டி ஓட்ஸ் 55-ஐ ஒட்டி வரும். அதே ஓட்ஸை ஆவியில் வேக வைத்து, நசுக்கி, மூன்று நிமிடத்தில் கரையும்படி செய்தால் 80 பக்கம் போய்விடும். தானியம் ஒன்றுதான். கேழ்வரகிலும் இதே கதை. நைசாக அரைத்த மாவில் தண்ணியாகக் காய்ச்சிய கஞ்சி வேகமாக ஏற்றும். "கேழ்வரகுதானே" என்று இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்து, ஏன் 250 என்று கேட்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன், இந்தப் பாடத்தை நான் சரியாகப் படித்தது அங்கேதான். அப்பாவுக்கு நாகர்கோவில் பக்கம். அங்கே மரவள்ளியை மரச்சீனி என்போம். திருவிதாங்கூரை 1880-லிருந்து 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது சனங்களின் வயிற்றைக் காப்பாற்றியதும் அதுதான். அப்பாவுக்கு அது பண்டம் அல்ல, சொந்தம். சாயங்காலம் அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) இல்லாத நாள் கிடையாது. சர்க்கரை வந்ததும் நான் முதல் ஆளாக அதை நிறுத்தச் சொன்னேன். "மக்ளே, இத விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் அவருடைய தட்டை அப்படியே தூக்கிச் சமையலறைத் தராசில் வைத்தேன். கிழங்கு மட்டும் 320 கிராம். 100 கிராம் மரச்சீனியில் ஏறக்குறைய 35 கிராம் மாவுச்சத்து. அந்தத் தட்டில் 110 கிராமுக்கும் மேல் இருந்தது. பிரெட்டாகக் கணக்குப் பார்த்தால் ஏழு துண்டு. சாப்பிடும் முன் 128 இருந்த சர்க்கரை இரண்டு மணி நேரத்தில் 241-க்குப் போயிருந்தது. மறுவாரம் 100 கிராம் மட்டும் வைத்தேன். வெறும் சம்மந்திக்குப் பதிலாக மதியம் மிஞ்சிய சாளை மீன் குழம்பை, துண்டு மீன் இரண்டோடு, முதலில் வைத்தேன். மீனில் பாதியைத் தின்ற பிறகே கிழங்கு. 132-லிருந்து 171. கிழங்கு அதே கிழங்குதான். அதற்குப் பிறகு அப்பா வாரத்தில் மூன்று நாள் மரச்சீனி சாப்பிட்டார், மிச்ச நாள் பயறு.

அவிக்கும்போது முதல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால் மாவும் போய்விடும், சர்க்கரை ஏறாது என்று ஊரில் சொல்வார்கள். வடிப்பது மரச்சீனியில் இயற்கையாக இருக்கும் நச்சுப்பொருளைப் போக்கத்தான். அதற்காகக் கட்டாயம் வடியுங்கள், மூடாமல் வேக வையுங்கள். மாவு வெளியே போவது சொற்பம்.

மீனை முதலில் வைத்தது என் கைவைத்தியம் அல்ல. நியூயார்க்கில் 2015-ல் மெட்ஃபார்மின் போடும் 11 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருநாள் ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் முதலில், கால் மணி நேரம் கழித்துக் கோழிக்கறியும் காயும். இன்னொரு நாள் அதே சாப்பாடு, வரிசை மட்டும் தலைகீழ். காயும் கறியும் முதலில் சாப்பிட்ட நாளில் ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைவு. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் காரணம் புரிகிறது: புரதமும் கொழுப்பும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், குடலிலிருந்து இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன்களும் முன்கூட்டியே சுரக்கும். செலவில்லாத வழி, பக்க விளைவும் இல்லை. உங்கள் அம்மாவிடமும் செய்து பார்க்கலாம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, அவித்த முட்டையோ, நாலு துண்டு வெள்ளரியோ முதலில். பத்து நிமிடம் கழித்து மாவுப் பண்டம்.

சரி, அளவு. மாலைப் பண்டத்துக்கு 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து என்பது நான் வழக்கமாகக் கொடுக்கும் வரம்பு. டீயில் சர்க்கரை போட்டால் அதுவும் இதற்குள் அடக்கம். அதனால் முதலில் சர்க்கரை இல்லாத டீக்குப் பழக்குங்கள், பாதி ஸ்பூனாகக் குறைத்துக் குறைத்து மூன்று வாரத்தில் நிறுத்திவிடலாம். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எதற்கும் இதில் விலக்கு கிடையாது. கருப்பட்டியின் மணத்தை நானும் விரும்புகிறவள்தான். ஆனால் அதிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்.

சுண்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்கு வாரத்தில் நாலு நாள் நான் எழுதிக் கொடுப்பது அதைத்தான். கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, மொச்சை, பச்சைப்பயறு எல்லாம் கிளைசெமிக் இண்டெக்ஸில் 30, 40-ஐ ஒட்டிச் சுற்றுபவை. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில், அதாவது ஒரு சின்னக் கிண்ணத்தில், 27 கிராம் மாவுச்சத்து இருந்தாலும் அதில் ஏழெட்டு கிராம் செரிக்காத நார். புரதம் 9 கிராம். மெரினாவில் காகிதப் பொட்டலத்தில் வாங்கும் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், சர்க்கரை நோயாளிக்கு என்றே யோசித்துச் செய்தது மாதிரி இருக்கும். தேங்காயில் கொழுப்பு, மாங்காயில் புளிப்பு, பட்டாணியில் நாரும் புரதமும். புளிப்புக்கும் வேலை உண்டு. எலுமிச்சைச் சாறோ மாங்காயோ சேர்ந்தால் இரைப்பை சற்று நிதானமாகவே உணவைக் கீழே தள்ளும்.

கடலையை எட்டு, பத்து மணி நேரம் ஊற வைத்து, குக்கரில் விசிலை எண்ணி வேக வையுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும், ஆனால் தொடாதபோது தோலோடு முழுசாக நிற்க வேண்டும். தோல் கழன்று, குழைந்து, கலங்கலாக வந்துவிட்டால் அந்த அறைச் சுவர்களை நாமே உடைத்துவிட்டோம் என்று அர்த்தம். அரைத்த கடலை மாவு பஜ்ஜிக்கும் முழுக் கடலைக்கும் உள்ள வித்தியாசமும் இதுவே. இன்னொரு நல்ல சங்கதி: மாலையில் பயறு சாப்பிட்டால், அடுத்து சாப்பிடும் உணவிலும் சர்க்கரை ஏற்றம் கொஞ்சம் மட்டுப்படுகிறது. ஜென்கின்ஸ் குழுவினரே 1980-களில் மைசூர்ப் பருப்பு இனத்தை வைத்து இதைக் காட்டினார்கள். இரவு ஒன்பது மணித் தோசைக்கு நாலரை மணிச் சுண்டல் துணை நிற்கும். வாயு, உப்புசம் என்றால் இரண்டு ஸ்பூனில் தொடங்கிப் பத்து நாளில் அளவைக் கூட்டுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், பெருங்காயம் தாராளமாகப் போடுங்கள்.

பொரியைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அரிசியைப் பொரித்து ஊதிப் பெருக்கியதால் அது படுவேகமாகச் செரிக்கும், இண்டெக்ஸ் 80-க்கு மேல். ஆனால் ஒரு கப் பொரி 14, 15 கிராம்தான் எடை, மாவுச்சத்து 12 கிராம். வெறும் பொரியை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் ஐந்து கப் போனதே தெரியாது, அங்கேதான் ஆபத்து. ஆயுத பூஜைக்குப் படைப்பது போலப் பொட்டுக்கடலை சேர்ப்பது நல்ல பழக்கம். ஒரு கப் பொரி, ஒரு கைப்பிடிக்குக் குறைவாகப் பொட்டுக்கடலை, ஒரு ஸ்பூன் வேர்க்கடலை, வெங்காயம், கேரட் துருவல், எலுமிச்சை. மாவுச்சத்து 20 கிராமை ஒட்டி முடிந்துவிடும். கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள், டப்பாவைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு பெயராலேயே கெட்டது. 100 கிராமில் 20 கிராம் மாவுச்சத்து, மரவள்ளியைவிடக் கிட்டத்தட்டப் பாதி. அதைச் செய்யும் விதத்தில் சூட்சுமம் இருக்கிறது. ஜமைக்காவில் பத்து வகைச் சர்க்கரைவள்ளியை எடுத்துச் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். தண்ணீரில் அவித்தவை இண்டெக்ஸில் 41 முதல் 50-க்குள் நின்றன. சுட்டவையும் அடுப்பில் பேக் செய்தவையும் 79 முதல் 94 வரை போயின. வறண்ட சூட்டில் வெகு நேரம் கிடந்தால் அதன் மாவு சர்க்கரையாக மாறிக்கொண்டே போகிறது. சுட்ட கிழங்கு தேனாக இனிப்பது அதனால்தான். ஆகவே அவித்து, தோலோடு, கையளவில் பாதிக் கிழங்கு. பனங்கிழங்கு காலத்தில் அதையும் கொடுக்கலாம். நாரை உரித்து உரித்துத் தின்ன வேண்டியிருப்பதால் யாரும் அவசரமாகத் தின்ன முடியாது, அதுவே ஒரு காவல். மிளகும் உப்பும் போட்டு இடித்த பனங்கிழங்கு என்றால் அளவைப் பாருங்கள், இடித்ததும் கவளம் கவளமாக இறங்கிவிடும்.

ஜவ்வரிசியை மட்டும் நான் மனசார வேண்டாம் என்பேன். சேலம் பக்கத்து ஆலைகளில் மரவள்ளியிலிருந்து நாரையும் மற்றதையும் நீக்கிப் பிரித்த மாவு அது. உலர்ந்த ஜவ்வரிசி 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, புரதம் பேருக்கும் இல்லை. விரத நாளில் ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுகிறார் என்றால், வேர்க்கடலையைப் பொடித்து நிறையச் சேர்த்து, அரைக் கரண்டியோடு நிறுத்துங்கள்.

வடையும் முறுக்கும் எண்ணெய்ப் பண்டங்கள், அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு மெதுவடையில் உளுந்தின் புரதம் இருக்கிறது, மாவுச்சத்து 12, 14 கிராம்தான். வாரத்தில் ஒருநாள், வீட்டில் சுட்டது ஒன்று, தாராளமாகச் சாப்பிடட்டும். முறுக்கு அரிசி மாவு, அதனால் ஒரு படி கீழே. சிறுதானிய முறுக்கு என்று அட்டையில் எழுதியிருந்தாலும் அது முறுக்குதான். எண்ணெய் விஷயத்தில் ஒரு சூது உண்டு: கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை ஏற்றம் தள்ளிப்போகும். இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்தால் 150 இருக்கும், "பஜ்ஜி ஒன்றும் செய்யவில்லை" என்று சந்தோஷப்படுவோம். நிஜமான உச்சம் மூன்று, நாலு மணி நேரத்தில், இரவுச் சாப்பாட்டின் தலையில் வந்து உட்காரும். காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏன் கூடியது என்று அப்புறம் மண்டையைக் குடைவோம். எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட நாளில் மூன்று மணி நேரத்திலும் ஒருமுறை பாருங்கள்.

ஆற வைத்த கிழங்கு, ஆறிய சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றுகிறது. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் ஊதிப் பெருக்கிய உண்மை. வெந்த மாவு ஆறும்போது சங்கிலிகள் மறுபடி நெருங்கிக் கட்டிக்கொள்கின்றன. அதில் ஒரு பகுதியை நொதியால் வெட்ட முடியாது, நார் மாதிரிப் பெருங்குடலுக்குப் போய்விடும். இந்தோனேசியாவில் 2015-ல் அளந்தபோது, அப்போது வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்த இந்த எதிர்ப்பு மாவு, ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம் ஆனது. சாப்பிட்டவர்களின் சர்க்கரை ஏற்றமும் குறைந்தது. ஆனால் கூடியது ஒரு கிராம். 100 கிராமில் மிச்சமிருக்கும் இருபத்தைந்து சொச்சம் கிராம் அப்படியே சர்க்கரையாகத்தான் மாறும். காலையில் அவித்த கிழங்கை மாலையில் தாளித்துக் கொடுப்பது நல்லது, செய்யுங்கள். அதை நம்பி அளவை இரட்டிப்பாக்க வேண்டாம். ஆறியதை வெளியே போட்டு வைக்காமல் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், குறிப்பாகச் சோற்றை.

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் கால் மணி நேரம் நடந்தால் இதில் எதைவிடவும் பலன் தெரியும். இயங்கும் தசைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு: சுருங்கி விரியும்போது இன்சுலினின் தயவு இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள். மொட்டை மாடியிலோ தெருவிலோ நடக்கலாம், முட்டி வலி என்றால் வீட்டுக்குள்ளேயே துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று நின்று நடமாடினாலும் போதும்.

இப்போது மாத்திரை பற்றி, இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அம்மா போடும் கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர் மாலைப் பண்டத்தை விட்டுவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிளிமிபிரைடோ இன்சுலினோ இருந்தால் அப்படி விட முடியாது. மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே எட்டு மணி நேரம் இருப்பதால் அம்மாவுக்கு ஒரு சிறு பண்டம் தேவைதான். கை கால் ஓய்வது வெறும் பழக்கமா, நிஜமாகவே சர்க்கரை இறங்குகிறதா என்று அந்த நேரத்தில் ஒருமுறை குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டும். பண்டத்தில் மாவைக் குறைத்து, நடையையும் சேர்த்தால் பழைய அளவு மாத்திரை கூடுதலாகிவிட வாய்ப்பு உண்டு என்பதால், மாற்றங்களைத் தொடங்கும் முன்பே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தாழ்சர்க்கரை நேரத்தில் சுண்டல் உதவாது. மெதுவாகச் செரிப்பது என்ற அதன் குணமே அப்போது எதிரி. 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அதாவது மூன்று ஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு முறை. இயல்புக்கு வந்த பிறகு சுண்டலோ வேறு ஏதாவதோ சாப்பிடலாம். மருத்துவர் வாக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்த்திருந்தால் வீட்டுச் சர்க்கரையும் பிஸ்கட்டும் சட்டென்று வேலை செய்யாது. மாவையும் சர்க்கரையையும் உடைக்கும் நொதியைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. அவர்களுக்குக் குளுக்கோஸ் மட்டுமே. வீட்டில் ஒரு டப்பாவும் அம்மாவின் கைப்பையில் ஒரு பொட்டலமும் எப்போதும் இருக்கட்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் என்றால் பயறும் கிழங்கும் பொட்டாசியம் அதிகம் உள்ளவை, அவர்களுக்கு நான் மேலே எழுதிய அளவுகள் பொருந்தாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினை அம்மாவுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எந்தப் பண்டம் அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்பதை அவருடைய விரல் நுனியே சொல்லும். ஒரு நோட்டு எடுங்கள். பண்டத்துக்கு முன் ஒரு அளவு, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு அளவு. சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். பழம் நறுக்கிய கையோடு குத்தினால் 40, 50 பொய்யாகக் கூடிக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டு மீட்டர் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம், அதனால் 168-க்கும் 176-க்கும் நடுவே ஒரு வித்தியாசத்தைத் தேடாதீர்கள். ஒரே பண்டத்தை மூன்று வெவ்வேறு நாள் பாருங்கள். ஏற்றம் 40, 50-க்குள் நின்று, இரண்டு மணி நேர அளவு 180-க்குக் கீழே இருந்தால் அந்தப் பண்டமும் அந்த அளவும் அம்மாவுக்குச் சரி.

இந்த வாரத்துக்கு இப்படித் தொடங்குங்கள்: திங்கள், செவ்வாய், புதன் ஒரே அளவு கொண்டைக்கடலைச் சுண்டல். வியாழன் பொரி-பொட்டுக்கடலை. வெள்ளி மறுபடி பயறு. சனிக்கிழமை பிஸ்கட்டையும் ஒரு நாள் கொடுங்கள், ஐந்து பிஸ்கட், வழக்கம் போல டீயில் நனைத்து. இரண்டு மணி நேரம் கழித்து அம்மாவையே மீட்டரைப் பார்த்து எண்ணை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், சுண்டல் நாளின் எண்ணுக்குப் பக்கத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை கிழங்கு அவிக்கலாம், தராசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.